புகைக்கொட்டகை வாசலில் சப்பாத்து

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இடிபட்டன. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கொட்டகையில் நாங்கள் ஒண்டிக்கொண்டோம். அதை வீடாக்க ஈப்போ நகர அலுவலகம் அனுமதிக்க வேண்டும், இல்லையென்றால் தெருதான். சன்னல் கட்டாயம் என்றார்கள். நானே இரண்டு வெட்டினேன். ஒன்று ஆடு எட்டிப்பார்க்கும் உயரத்தில், மற்றது ஒட்டகச்சிவிங்கிக்கு.

அதிகாரி வரும் அன்று மனைவி எச்சரித்தாள். "உங்க கிண்டல், சோக்கெல்லாம் அவருகிட்ட வேணாம்லா."

"சிரிச்சா கையெழுத்துப் போட்ருவாருடி!"

"மனுசன் அழுதுருவாரு."

வந்த மலாய்க்காரர் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். நானே அங்கே சிலிப்பரோடுதான் நடமாடுவேன். அவர் வெள்ளைக் காலுறையோடு கரிபிடித்த தரையில் நடந்து, சுவரையும் கூரையையும் அளந்தார்.

பிறகு மெதுவாக, "தா போலே, அண்ணே" என்றார். முடியாதாம். சுவர் மெல்லிசு, விதி இடம் கொடுக்கவில்லை.

எனக்குக் கோபமும் வரவில்லை, சோக்கும் வரவில்லை. மனைவி அவர் கால் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர்மேல் கோபப்பட இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். எங்களை வெளியேறச் சொன்ன அந்த மனிதர்தான், அதை வீடென்று மதித்து உள்ளே வந்த முதல் ஆள். நான்கூட அவருக்குப் பிறகுதான்.