சித்திக்காக வைத்த மாவிளக்கு

எங்கள் சித்தியின் கைவேகத்துக்கு எங்கள் ஊர் விஸ்வநத்தத்திலேயே ஆள் கிடையாது என்று தீப்பெட்டிக் கம்பெனி ஏஜெண்டு சொல்லுவார். அறுபதுகளின் தொடக்கம் அது. வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஒட்டினோம். அம்மாவின் தங்கையான சித்தி கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். ஒட்ட உட்கார்ந்தால் அவளுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. பேச்சு ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். விடிய விடிய ஒட்டிவிட்டு, காலையில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவாள். வீட்டில் சோறு இருக்காது, அது வேறு விஷயம். தூங்காமல் கிடந்ததைச் சுறுசுறுப்பு என்றுதான் எல்லோரும் மெச்சினார்கள்.

பங்குனியில் திடீரென்று படுத்துவிட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டவள் தலை வாரவில்லை, சோற்றைத் தொடவில்லை. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். சின்னப் பிள்ளையான எனக்குப் பொறுமையே இல்லை. நாளெல்லாம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து விரலைப் பிடித்து இழுப்பேன். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று சுவரிடம் கேட்பாள். எனக்குப் பயமாக இருக்கும். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் சேதி கேள்விப்பட்டு நின்றுவிட்டார்கள். தங்கை பழையபடி எழுந்து நடமாடினால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள்.

ஆடியில் எழுந்துவிட்டாள். அதே சிரிப்பு, அதே பேச்சு, அதே தூங்காத கண். அம்மா சந்தோஷத்தில் அழுதுகொண்டே மாவு இடித்தாள்.

சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தி என்னை இழுத்துக்கொண்டு, கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்துக்குள் பாய்ந்தாள். அவள் நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது. வழியில் யாரென்றே தெரியாத ஒருத்திக்குத் தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். பதறிப்போன அம்மாவிடம், "சாமி வந்திருக்கு தாயி, தடுக்காதீக" என்றார்கள் பக்கத்தில் வந்தவர்கள்.

கோயில் வாசலில் சித்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னையப் பிடிச்சு எங்கனயாச்சும் உட்கார வையி. நிக்கணும்னு பாக்கேன், முடியல. மனசு அது பாட்டுக்கு ஓடுது."

"ஆத்தா உன்னைய எழுப்பி விட்டுட்டா. பெறகு என்ன? வா, கும்பிடு" என்று சொல்லி அம்மா விளக்கை ஏற்றினாள். நானும் சித்தி எழுந்துவிட்ட குஷியில் குதித்துக்கொண்டிருந்தேன்.

படுத்துக் கிடந்ததும், இப்படி ஓடியதும் ஒரே நோய்தான். குணமாகிவிட்டது என்று நாங்கள் கும்பிட்டு நின்ற அன்றைக்கு அது முற்றியிருந்தது. எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. சித்திக்குத் தெரிந்திருக்கிறது.