நாலாகக் கிழிந்த கடிதம்

போன செவ்வாய்க்கிழமை மாலை, ஆபீஸ் விட்டு வந்த நான் எங்கள் பம்பாய் மாட்டுங்கா கட்டடத்தின் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு இன்னும் இரண்டே படி.

காரணம்? வாசலுக்கு வெளியே ஓர் இன்லண்ட் லெட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் ராணுவத் தபால் முத்திரை.

என் மகன் கண்ணன் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருக்கிறான். சண்டை தொடங்கியதிலிருந்து நான் இந்தப் பத்தியில் எதைப் பற்றி எழுதினாலும் கடைசியில் அவனிடமே வந்து நிற்பதாக ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். உண்மைதான். என்ன செய்ய?

சண்டை நின்றாகிவிட்டது. விமானக் குண்டுக்குப் பயந்து இருட்டடிப்புக்காக ஜன்னலில் ஒட்டிய பழுப்புக் காகிதத்தை அன்று காலைதான் உரித்திருந்தேன். இனிப் பயமில்லை என்று நினைத்த நாளில்... இந்தத் துண்டுகள்!

சாவுச் செய்தி வந்த கடிதத்தை எங்கள் வீடுகளில் உள்ளே வைப்பதில்லை. படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிட்டுத் தலை முழுகுவார்கள்.

கதவு திறந்தது. என் மனைவி விசாலம் நின்றாள். தலை ஈரம். முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடி வந்தாள்.

"ஐயோ, ஏன்னா, கண்ணனுக்கு ஒண்ணுமில்லை! நன்னா இருக்கான். அவன்தான் எழுதியிருக்கான். சுடலை... சுடலைதான் போயிட்டான்."

"அப்பாடா!" என்றேன்.

ஆமாம், வாய்விட்டுச் சொன்னேன். மறைப்பானேன்? பிறகுதான் சுடலைமுத்துவின் முகம் நினைவுக்கு வந்தது.

தாராவிப் பையன். தோல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், பட்டாளத்தில் சேர்ந்து கண்ணனோடு ஒரே கூடாரத்தில் இருந்தான். இருபத்திரண்டு வயது. போன லீவில் இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். பத்து நாளும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். குழாயில் தண்ணீர் ஏறாத நாளில், கீழிருந்து மூன்று மாடிக்கு இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி ஏறுவான்.

"மாமி, ஒங்க காப்பிய பார்டர்ல கொண்டு ஊத்துனா எதிரி ரெண்டு நாளைக்கு ஒறங்கமாட்டான்!" என்பான். விசாலத்தின் டிகாஷனை அப்படிச் சொல்லிவிட்டு இந்த வீட்டில் உயிரோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

"அவனுக்கு நீ ஏன் தலை முழுகினாய்? நமக்கு என்ன உறவு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பத்து நாள் என் கையால சாப்ட்டிருக்கான். வேற என்ன ஒறவு வேணும் ஒங்களுக்கு?"

"லெட்டரை முழுக்கப் படித்தாயா?" என்றேன்.

விழித்தாள். சுடலை இறந்துவிட்டான் என்ற வரி வந்ததும் கை தானாகக் கிழித்துவிட்டதாம்.

குனிந்து பொறுக்கினேன். மூன்று துண்டுகள்தான் இருந்தன. சேர்த்துப் பார்த்தால், 'அப்பா, அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் நேரில் போய் இதைப் படித்துக் காட்ட வேண்டும். அவன் கடைசியாக' – அதோடு நின்றது.

கடைசியாக என்ன? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த அம்மாவின் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

ஈரத் தலையோடு விசாலம் ஒரு மாடி தேட, நான் ஒரு மாடி தேடினேன். நாலாவது துண்டு இரண்டாவது மாடியில், யாரோ கழற்றிவிட்டிருந்த செருப்புக்கு அடியில் அகப்பட்டது. மைதாப் பசை காய்ச்சி, ஜன்னலிலிருந்து உரித்த பழுப்புக் காகிதத்திலேயே நாலையும் ஒட்டினோம்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ரயில் பாதையைத் தாண்டித் தாராவிக்குப் போனேன். சுடலையின் தாய் தகரக் கதவைத் திறந்தாள். அழுது ஓய்ந்த முகம். கண்ணனின் அப்பா என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"வாங்கய்யா. ஒங்க மவன் சொகமா இருக்கானா?"

'இருக்கிறான்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"இருக்கட்டும்யா. அவனாவது முழுசா வந்து சேரட்டும்."

படித்தேன். குண்டு விழுந்து டெலிபோன் ஒயர் அறுந்துவிட்டது. அதை முடிந்துவர சுடலை தவழ்ந்து போயிருக்கிறான். கண்ணன் மறுமுனையில் போனைக் காதில் வைத்துக் காத்திருக்கிறான். லைன் வந்தது. 'கேக்காலே கண்ணா?' என்றான் சுடலை. 'கேக்கறதுடா, நன்னாக் கேக்கறது' என்றான் இவன். சுடலை சிரித்தானாம். அதன் பிறகுதான் அடுத்த குண்டு.

அவள் கடிதத்தின் ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒங்க மவன் சொன்னது எம்புள்ளைக்குக் கேட்டிருக்கும்லா?"

"கேட்டுத்தான் சிரித்திருக்கிறான்."

"தந்தி வந்ததுலேருந்து அதான்யா நெனப்பு... பேச்சுத் தொணைக்குக்கூட ஆளில்லாமக் கெடந்து செத்தானோன்னு." முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கிக் கொஞ்சம் சோறு எறங்கும்."

கடிதத்தை வாங்கி, அவன் சட்டைகள் இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அம்மா, சாவுச் செய்தி எழுதிய கடிதத்தை வீட்டில் வைப்பது..." என்று இழுத்தேன்.

"நாங்களும் கிழிச்சுத்தான்யா போடுவோம். ஆனா இது எம்புள்ள பேசுன காயிதம்லா?"

சாஸ்திரம் தெரிந்தவர்கள் எல்லோரும் ரயில் பாதைக்கு எங்கள் மாட்டுங்கா பக்கம்தான் குடியிருக்கிறார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேனே!