துரைசாமி போடாத கையெழுத்து

போன வாரம் ஒரு இளைஞர் வீட்டுக்கு வந்திருந்தார். ஏதோ ஒரு கிளப்பின் செயலாளராம். கண்தானத்துக்காக சைக்கிள் பேரணி நடத்தப் போகிறார்களாம்.

"சார், நீங்களும் உங்க ஃப்ரெண்டும் பவானியிலிருந்து கொடுமுடி வரைக்கும் பரிசல்ல போனீங்களாமே... ரிசல்ட் எப்படிங்க சார்?"

ரிசல்ட்!

எத்தனை படிவம் நிரப்பினோம் என்பதே எனக்கு ஞாபகமில்லை. "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். துரைசாமியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. அவன் மனைவி ருக்மணியிடமும்.

துரைசாமியும் நானும் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இப்போது கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பிறந்தது கொடுமுடிக்குப் பக்கத்தில், காவிரிக்கரை ஊரில். பரிசல் அவனுக்குக் கைவந்த கலை. எனக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவு. தென்னந்தோப்பும் கிணறும்தான். அந்தக் கிணற்றையும் எட்டிப் பார்த்ததோடு சரி... நீச்சல் தெரியாது.

அவனுக்கு ஒரே பையன், செந்தில். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அவிநாசி ரோட்டில் பைக் விபத்து. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். அவ்வளவுதான். பவானி கூடுதுறையில் சாம்பலைக் கரைத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைசாமி வந்து நின்றான்.

"கூடுதுறையிலிருந்து கொடுமுடி வரைக்கும் பரிசல்ல போலாமாடா? வழியெல்லாம் கண்தானத்துக்கு எழுதி வாங்கலாம்."

"பஸ்ல போய் வாங்கினா ஆகாதா?"

"பஸ் ஸ்டாண்டுல எவன்டா நிக்கறான்? ஆத்துக்கு வர்றவங்க அவசரமில்லாம இருப்பாங்க. காது குடுத்துக் கேப்பாங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். மறுக்கத் தோன்றவில்லை.

மார்கழி. ஆற்றில் அளவான தண்ணீர். மூங்கில் பின்னி, அடியில் தார் பூசிய பரிசல். ஒரு துணி பேனர். படிவக் கட்டு நனையாமலிருக்க உரச்சாக்கு. எனக்கு மட்டும் இடுப்பில் காற்றடைத்த லாரி ட்யூப்! முதல் நாள் பார்த்தவர்கள் எல்லாம் பேனரைப் படிக்கவில்லை, என்னைத்தான் படித்தார்கள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கத்திக் கேட்டார். "ஏனுங்க, எந்தக் கட்சிங்க நீங்க?"

"கட்சி இல்லீங்க. கண்தானம்."

"கண்ணா? இப்பவே எடுத்துக்குவீங்களா?"

"அய்யோ, நூறு வருசம் நல்லா இருந்துட்டுப் போனதுக்கப்புறந்தானுங்க!"

அந்த அம்மாள் துணியைப் பிழிந்துகொண்டே யோசித்தார். "அப்புறம் எனக்கெதுக்குங்க கண்ணு? எழுதிக்குங்க. எம்பட ஊட்டுக்காரரு கையெழுத்து வேணும்னா அந்தா, அரச மரத்தடியில படுத்துக் கிடக்கறாரு, எழுப்பிக்குங்க."

ஆமாம், படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று கொடுப்பவருடையது. இன்னொன்று வீட்டாருடையது. நாம் போன பிறகு, ஆறு மணி நேரத்துக்குள், சரி என்று சொல்ல வேண்டியது அவர்கள்தானே?

இரண்டு நாள் இப்படியே போனது. ஈரோட்டைத் தாண்டும்போது சாயத் தண்ணீர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒரு இடத்தில் பாறை மறித்தது. பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு கரையோடு நடந்தோம். துரைசாமி ஒவ்வொரு துறையிலும் பேசினான். நன்றாகப் பேசினான். கண்ணாடி போட்டவர்களும் தரலாம், வயதானவர்களும் தரலாம், முகம் கோரமாகாது... மனப்பாடமாகச் சொன்னான். செந்திலைப் பற்றி மட்டும் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

நான் பெருமையாகத் தலையாட்டினேன். புறப்படும் முன்பே நானும் என் மனைவியும் போட்டுவிட்டோம்.

துரைசாமி படிவங்களைச் சாக்குக்குள் திணித்துவிட்டுப் பரிசலைத் தள்ளினான்.

நடு ஆற்றுக்கு வந்ததும் கேட்டேன். "நீ போடலியா?"

"இல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் போடச் சொல்லிட்டு..."

துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். விட்டால் பரிசல் என்ன செய்யும்? மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. அவன் முகம் ஒரு முறை பவானியைப் பார்த்தது, ஒரு முறை கொடுமுடியைப் பார்த்தது. நான் ட்யூபை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா வந்து கேட்டுச்சுடா. சின்னப் பொண்ணு. 'உங்க பையனோட கண்ணால ரெண்டு பேருக்குப் பார்வை வரும், யோசிச்சுச் சொல்லுங்க'ன்னுச்சு. ருக்மணி சரின்னு தலையாட்டுனா."

"ம்."

"நான் பார்த்தேன்டா. அவ தலையாட்டுனதைப் பார்த்துட்டுத்தான் கத்துனேன். 'எம் பையனை இன்னும் அறுக்கோணுமா, வெளிய போ'ன்னு. அந்தப் பொண்ணு அழுதுட்டே போயிருச்சு."

"ருக்மணி?"

"அன்னைக்கும் ஒண்ணும் சொல்லுல. இந்த ரெண்டு வருசமும் ஒண்ணும் சொல்லுல. அவ தலையாட்டுனதை நான் பார்க்காமத்தான் கத்திப்போட்டேன்னு நினைச்சுட்டு இருக்கறா. இந்தக் காயிதத்துல அவளும் கையெழுத்துப் போடோணுமல்ல? எந்த மூஞ்சியை வெச்சுட்டு நான் கேக்கறது?"

பெரிய ஆளின் தேம்பல் இருக்கிறதே... அதைக் கேட்கும் தைரியம் எனக்குக் கிடையாது. வாரா வாரம் உங்களுக்கு எத்தனை புத்திமதி எழுதியிருப்பேன்! அவற்றில் ஒன்றும் அன்றைக்கு உதவவில்லை. அவன் மடியிலிருந்த துடுப்பை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாகப் போட்டேன். பரிசல் அதே இடத்தில் இன்னும் வேகமாகச் சுற்றியது.

"அப்படியில்லடா... முன்னால போடு. முன்னால போட்டு உன் பக்கம் இழு" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எப்படியோ கரை சேர்ந்தோம். அருகிலிருந்த ஊரில் ஒரு எஸ்டிடி பூத். பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டு, ருக்மணியைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தான். அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்வான் என்று நினைத்தேன்.

"நாளைக்குக் கொடுமுடிக்கு வர்றியா?" என்றான். வைத்துவிட்டான்.

ருக்மணி வந்தார். மறுநாள் மதியம் நாங்கள் கொடுமுடியை அடைந்தபோது படித்துறையில் நின்றிருந்தார். ட்யூபைக் கழற்றுகிற சாக்கில் நான் தள்ளிப் போனேன். ஆனாலும் காதில் விழத்தான் செய்தது.

துரைசாமி பரிசலை விட்டு இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"நீங்க பார்க்கலைன்னு நினைச்சுத்தானுங்க ரெண்டு வருசமா மனசைத் தேத்திக்கிட்டேன்."

"பார்த்தேன் ருக்மணி."

"பார்த்துட்டா அப்படிச் சொன்னீங்க?"

"ஆமா."

ருக்மணி அழவில்லை. கத்தவில்லை. "நானும் அவனுக்கு அம்மாதானுங்களே" என்று மட்டும் சொன்னார். பிறகு படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். மொட்டையடித்துக்கொண்டு குளிக்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்து கேட்டார். "எங்க போடோணும்?"

துரைசாமி கையெழுத்துப் போட்டான். அவன் பெயருக்குக் கீழே ருக்மணி நிறுத்தி நிதானமாக முழுப்பெயரை எழுதினார். பிறகு சாக்கிலிருந்து தானே இன்னொரு படிவத்தை எடுத்து, தன் பெயரை எழுதி, அவன் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் போடுங்க."

கையெழுத்துப் போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடுமா என்ன? கோவை பஸ்ஸில் ருக்மணி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். துரைசாமி பின்னால், என்னோடு. பெருந்துறையில் பாதி பஸ் காலியானது. அப்போதும் யாரும் இடம் மாறவில்லை. 'தேவையில்லாத வேலை பண்ணிவிட்டோமோ' என்று வீடு வரும்வரை எனக்கு உறுத்தல்.

ஒரு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம். இரண்டு பேரும் சண்டை. செந்தில் சின்ன வயதில் நாய்க்குப் பயப்படுவானா, மாட்டானா?

"செந்திலுக்குப் பயமே கிடையாது. கருமத்தம்பட்டியில எங்கக்கா ஊட்டு நாயோட முதுகு மேலயே ஏறி உக்காருவான்" என்றான் துரைசாமி.

"உங்களுக்கென்ன தெரியுமுங்க? ஸ்கூல் போற வழியில நாயைப் பார்த்தா எம்பட சேலைக்குள்ள வந்து ஒளிஞ்சுக்குவான்!"

சாம்பலைக் கரைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் கேட்டறியாத பெயர் அது. அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை காதில் விழுந்தது என்று எண்ணவில்லை.

"நீங்களே சொல்லுங்கண்ணா" என்று ருக்மணி என்னைப் பார்த்தார். "சொல்லுடா" என்று துரைசாமியும் பார்த்தான்.

காப்பியைக் குடித்துவிட்டு, யார் பக்கமும் சேராமல் கிளம்பிவிட்டேன் — சண்டை நடக்கட்டும் என்று.