சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் ஏதென்ஸ் வழக்கு

எங்கள் தெருவுக்குக் கிரேக்க நாகரிகம் வந்து சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான தாமதம்தான். ஆனால் வந்தபிறகு எங்களை லேசில் விடவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் சரித்திர ஆசிரியர். சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. மதராஸில் படித்த காலத்தில் கிரேக்கர்களைப் பற்றி அட்டை கிழிந்த ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கியிருந்தார். அன்றிலிருந்து உலகத்தில் நடந்த நல்ல காரியம் எல்லாம் முதலில் கிரேக்க தேசத்தில்தான் நடந்தது என்பது அவர் கட்சி. நாடகமா, ஏதென்ஸ். ஓட்டுரிமையா, ஏதென்ஸ். ஓட்டப்பந்தயமா, ஒலிம்பியா. இட்லியை மட்டும் பெரிய மனது பண்ணி நமக்கு விட்டுவைத்திருந்தார்.

வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்கு ஒருமுறை எங்களை அழைத்துப் போனார். யாளியும் குதிரையும் வீரனுமாகப் பாய்ந்துகொண்டிருக்கும் தூண்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அலங்காரம் ஜாஸ்தி. கிரேக்கத் தூணைப் பார்க்கணும்பா. நெடுக ஒரே வரி. என்ன அடக்கம்!” என்றார். அவரும் எந்தக் கிரேக்கத் தூணையும் பார்த்தவரில்லை. மதராஸைத் தாண்டிப் போனதில்லை. புத்தகத்தில் இருந்த படம்கூடப் பாதி பூச்சி தின்றது.

எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் இருந்தது. நாலு பத்திரிகை, ஒரு கேரம் போர்டு, நிறைய அரசியல். ஆசிரியர்தான் தலைவர். நான் அப்போது தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட், படிப்பகத்துக்குச் செயலாளர். அந்த வருஷத்து ஆண்டுவிழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்று கூடிப் பேசியபோது ஆசிரியர் எழுந்து, தாம் ஏற்கெனவே எழுதிவிட்டதாகச் சொன்னார். ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றம், ஒரு கிழட்டுத் தத்துவஞானி, கடைசியில் விஷக்கோப்பை. கோப்பை என்றவுடன் அந்த ஞானியின் பெயர் உங்களுக்கே வந்துவிடும். நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

ஞானி வேஷத்துக்குப் போட்டியே இல்லை. என் சிநேகிதன் ஒருவன், அதே தெரு, நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. பெரிய பேச்சாளன் ஆகவேண்டும் என்பது அவன் லட்சியம். அந்த நாளில் ஊரில் எல்லோருக்கும் அதே லட்சியம்தான். கடையில் உப்பு கேட்பவன்கூட அடுக்குமொழியில் கேட்டான். ஞானிக்கு வயது எழுபது. இவனுக்கு இருபத்தாறு, நல்ல ஊட்டமான கன்னம். “அறிவுக்கு வயசு கெடையாது” என்று அவனே சொல்லி அந்த ஆட்சேபணையை முடித்துவிட்டான்.

குற்றம் சாட்டுகிறவன் வேஷம் எனக்கு. அங்கே சர்க்கார் வக்கீல் என்று யாரும் கிடையாது, எந்தக் குடிமகனும் எவன்மேலும் வழக்குப் போடலாம், அதுதான் ஜனநாயகத்தின் உச்சம் என்று ஆசிரியர் விளக்கினார். எங்கள் தெரு அந்த உச்சத்தை எப்போதோ தொட்டுவிட்டது; அவருக்குத்தான் தெரியவில்லை.

உடை விஷயத்தில் முதல் சண்டை வந்தது. கிரேக்கர்கள் தைத்த துணி உடுத்தவில்லை, ஒரே நீளத் துணியை இடது தோளில் போட்டுச் சுற்றிக்கொண்டார்கள் என்றார் ஆசிரியர். கம்பளித் துணியாம். சித்திரை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொள்ள எந்த ஏதென்ஸ்காரனும் முன்வரவில்லை. வேட்டியால் சுற்றிப் பார்த்தோம். வலது தோள் வெற்றாகத் தெரிய நாங்கள் வரிசையாக நின்றபோது, எதிர்வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்து, “இன்னாபா, யாரு வூட்ல காரியம்?” என்றாள்.

ஞானியோ பருத்தி வேட்டியே வேண்டாம் என்றான். அவனுக்குப் பட்டு வேண்டும், அதுவும் அகல ஜரிகைக் கரை.

“அவர் ஏழைப்பா. செருப்புகூட இல்லாம தெருவுல நடந்தவரு” என்றார் ஆசிரியர்.

“சார், காஞ்சிபுரத்துல வந்து பருத்தி கட்டிக்கினு செத்தா, எவன் சார் அழுவான்?”

இந்த வாதத்துக்கு அந்தத் தடித்த புத்தகத்தில் பதில் இல்லை. ஞானிக்குப் பட்டு கிடைத்தது.

அவன் இவ்வளவு கவலைப்பட்டதற்கு வேறு காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே ஓரிக்கைக் கிராமத்தில் அவனுக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். விவசாயக் குடும்பம். பெண்ணும் தகப்பனாரும் நாடகம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் முடிவு செய்துவிட்டான்: கடைசிக் காட்சியில் கோப்பையைக் கையில் ஏந்தி, சாவைப் பற்றி ஒரு பேருரை ஆற்றிவிட்டு, பட்டு வேட்டி மடியாமல் சாயவேண்டும். அதைப் பார்த்த எந்தப் பெண்ணும் மறுக்கமாட்டாள். அந்த உரையை அவனே எழுதிக்கொண்டான். ஆற்றங்கரையில் போய் உரக்கப் பழகினான். பாலாற்றில் வழக்கம்போல் தண்ணீர் இல்லை, மணல் முழுக்கக் கேட்டது.

வினை வந்தது ஜனநாயகத்தால். ஏதென்ஸில் தீர்ப்புச் சொன்னவர்கள் நீதிபதிகள் இல்லை. நூற்றுக்கணக்கான சாதாரண ஜனங்கள். கூழாங்கல் போட்டுத் தீர்ப்புச் சொன்ன காலமும் உண்டாம். ஆகையால் நாடகம் பார்க்க வருகிறவர்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஆசிரியர் அறிவித்தார். மேடைக்கு முன்னால் இரண்டு குடம். சிவப்புக் காகிதம் ஒட்டியது சாவுக்கு, வெள்ளை விடுதலைக்கு. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை.

எனக்கு லேசாகப் பயம் வந்தது. “சார், ஜனங்க மாத்திப் போட்டுட்டா?”

“எப்படிப்பா போடுவாங்க? சரித்திரத்துல தண்டனை குடுத்தாச்சே” என்றார் அவர்.

ஒத்திகையில் படிப்பகத்து ஆட்கள் எல்லோரும் ஒழுங்காகச் சிவப்புக் குடத்திலேயே போட்டார்கள். அதில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. தன் ஆட்களை வைத்துத் தேர்தலைக் கணிக்கிற வழக்கம் அவரோடு நின்றதாகவும் தெரியவில்லை.

காலையில் பாவு நீட்டி நூலைச் சரிசெய்கிற நீளத் தெரு அது. விழாவன்று சாயங்காலம் ஒரு முனையில் பந்தல் போட்டு மேடை கட்டியிருந்தோம். தறி எல்லாம் ஓய்ந்து கூட்டம் சேர்ந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்வரிசை நாற்காலியில் ஓரிக்கைத் தகப்பனார். பெண்கள் பக்கம் பாயில் அந்தப் பெண், தன் அத்தையோடு.

நான் ஆட்டுமயிர்த் தாடியோடு போய் நின்று குற்றத்தை வாசித்தேன். “இவன் இந்த நகரத்துத் தெய்வங்களை மதிக்கவில்லை. வாலிபர்களைக் கெடுத்தான்!”

கோயில் ஊரில் இந்த முதல் குற்றமே போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால் வருஷம் எது? முன்னால் உட்கார்ந்திருந்த இளவட்டம் பாதிப்பேர் சாமி இல்லை என்கிற கட்சி. தெய்வத்தை மதிக்கவில்லை என்றதும் கைதட்டி விசிலடித்தார்கள். சாமி கும்பிடுகிற மறு பாதியோ மேடையில் வெள்ளைத் தாடி, பட்டு வேட்டி, அமைதியான முகம் என்று பார்த்து யாரோ மகான் என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு கிழவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். ஊரில் இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே ஆள் அந்தக் கிரேக்கன்தான்.

வாலிபர்களைக் கெடுத்ததாக நான் மறுபடி முழங்கியபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “யோவ், ஒன் தம்பி சினிமாக் கொட்டாயிலயே குடியிருக்கிறானே, அவனையும் இவருதான் கெடுத்தாரா?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் என் தாடி ஒரு பக்கம் கழன்றது. ஏதென்ஸின் மானத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிச்ச வசனத்தைச் சொன்னேன்.

பிறகு ஞானி பேசினான். உனக்கு என்ன தண்டனை தகும் என்று கேட்டபோது, நகர மண்டபத்தில் ஆயுளுக்கும் இலவசச் சாப்பாடு போடுங்கள் என்று அந்த மனுஷன் கேட்டது நிஜமாகவே நடந்ததாம். உண்மையில் அது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு பேசிய பேச்சு. நேரம் போதாது என்று ஆசிரியர் சரித்திரத்தைக் கொஞ்சம் மடித்து அதை முன்னால் வைத்திருந்தார். மடித்த இடத்தில்தான் கிழிந்தது.

“எனக்குத் தகுந்த தண்டனை, நாள்தோறும் நகரத்தாரின் விருந்து!” என்று அவன் கையை விரித்ததும், “நியாயந்தான்பா! போடுங்கபா சோறு!” என்று பந்தலே எழுந்தது. அந்த நாளில் அரிசி கிடைத்த லட்சணத்தில், சோறு கேட்டவனுக்குச் சாவு என்று எந்த ஊரும் சொல்லாது.

அடுத்து ஓட்டு. ஆசிரியர் ஒலிபெருக்கியில் வந்து, ஏதென்ஸ் முறைப்படி ஆண்கள் மட்டும் வரிசையில் வரலாம் என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து எதிர்வீட்டு அம்மாள் எழுந்தாள். “இன்னா சார், எலெக்சனுக்கு மட்டும் வூடு வூடா வந்து கையெடுத்துக் கும்புடறாங்க, இங்க எங்களுக்கு ஓட்டு இல்லியா?”

“அம்மா, அது அந்த ஊர்ச் சட்டம்மா. அங்கே பொம்பளைங்களுக்கு ஓட்டுக் கெடையாது.”

“அப்போ அந்த ஊர்ல போயி நாடகம் போடு. பாயும் எங்க வூட்டுது, கொடமும் எங்க வூட்டுது.”

குடம் அவள் வீட்டுடையதுதான். உலகத்தின் முதல் ஜனநாயகம் அங்கேயே சட்டத் திருத்தம் செய்துகொண்டது. பெண்களும் வரிசையில் வந்தார்கள்.

குடங்களைக் கவிழ்த்தோம். வெள்ளைக் குடத்திலிருந்து புளியங்கொட்டை கொட்டிக்கொண்டே இருந்தது. சிவப்பில் ஒரு கைப்பிடி. அதுவும் படிப்பகத்து ஆட்கள் போட்டதாகத்தான் இருக்கவேண்டும். ஞானி விடுதலை. பந்தலில் ஆரவாரம்; யாரோ சரவெடிகூட வைத்தார்கள். மேடையில் எங்களுக்கு அடுத்த வசனம் இல்லை. சிறைக்காவலன் கோப்பையோடு தட்டிமறைவில் நின்று, வரலாமா வேண்டாமா என்று என்னைச் சைகையில் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் திரையை இறக்கச் சொல்வதற்குள் ஞானி முன்னால் வந்துவிட்டான். அவன் முகம் எனக்கு இப்போதும் மறக்கவில்லை. பிழைத்ததற்கு அவ்வளவு துக்கப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

“கொண்டாடா கோப்பையை!” என்று கத்தினான். காவலன் ஓடிவந்து கொடுத்தான். உள்ளே வெல்லப் பானகம்.

“ஏதென்ஸ் நகரப் பெருமக்களே! மரணம் என்பது...”

“ஏம்பா, வுட்டாச்சுல்ல?” என்று ஒரு குரல். “வூட்டுக்குப் போ!”

“மரணம் என்பது மானிடர்க்கு...”

எதிர்வீட்டு அம்மாள் மேடைமேல் ஏறியே விட்டாள். கோப்பையைப் பிடித்து இழுத்தாள். “வாணாம் கண்ணு. நாங்கல்லாம் சொல்லியாச்சுப்பா. குடு.”

“வுடும்மா! நான் சாவணும்மா!”

“எதுக்கு சாவணும்? ஒனக்கு இன்னா கொறச்சல்?”

இழுபறியில் பானகம் முழுக்க அவன் பட்டு வேட்டியில் கொட்டியது. சிரித்துச் சிரித்துக் கூட்டத்தில் பலருக்குப் புரையேறியது. முன்வரிசையில் ஓரிக்கைத் தகப்பனார் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் படிப்பகத்தில் ஆசிரியர் எங்களைக் கூட்டிவைத்து வருத்தப்பட்டார். ஜனநாயகத்துக்கு நம் ஜனங்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்றார். ஒரு தத்துவஞானியைக் கொல்லத் தேவைப்படுகிற பக்குவம் எங்களுக்கு இல்லாமல் போனதைப் பற்றி வெகுநேரம் பேசினார். சிநேகிதன் மூலையில் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் சிந்திய பானகம் பட்டிலிருந்து போகவில்லை என்று அவன் வீட்டில் வேறு திட்டு.

ஓரிக்கையிலிருந்து தரகர் சேதி கொண்டுவந்தார். தகப்பனாருக்கு இஷ்டமில்லையாம். “ஊரே வேணாம்னு சொல்லியும் நான் செத்தே தீருவேன்னு நிக்கிற பையன். இவன்கிட்ட என் பொண்ணு எப்படி வாழும்?” என்று கேட்டாராம். கேட்டதில் தப்புச் சொல்ல முடியவில்லை.

சிநேகிதன் வேலைக்குப் போனான், வந்தான். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டான். தெருவில் பெண்கள் அவனைப் பார்க்கும்போதெல்லாம், “சாப்ட்டியா கண்ணு? ஒடம்ப பாத்துக்கோ” என்று விசாரித்தார்கள். தாங்கள் காப்பாற்றிய உயிர் என்ற உரிமை. அது அவனுக்கு இன்னும் வலித்தது.

ஆடி கழிந்த பிறகு தரகர் மறுபடி வந்தார். பெண் வேறு எந்த வரனுக்கும் சம்மதிக்கவில்லையாம். தகப்பனார் இறங்கி வந்துவிட்டாராம். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு சிநேகிதன் பெண் பார்க்கப் போனான். பெண் காபி கொண்டுவந்து வைத்ததும், தலையைக் குனிந்துகொண்டே அவன் கேட்டான்.

“அன்னிக்கு நீங்க எதுல போட்டீங்க?”

“செவப்புல” என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் தயங்காமல்.

அவன் நிமிர்ந்தான். “நான் சாவணும்னா?”

“பின்ன என்னங்க? அத்தினி தூரம் நடந்து வந்ததே, கடைசியில நீங்க இன்னா பேசறீங்கன்னு கேக்கத்தானே. எல்லாம் சேந்து கெடுத்துட்டாங்க.” பிறகு மெதுவாக, “அந்தப் பேச்சு இன்னும் ஞாபகம் இருக்குதா?” என்றாள்.

என் சிநேகிதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஞாபகம் இருந்தது. அங்கேயே, காபி ஆறுகிற வரைக்கும், மரணத்தைப் பற்றிய முழு உரையையும் பெண் பார்க்க வந்த வீட்டில் பேசினான். தகப்பனார் இரண்டுமுறை எழுந்து உள்ளே போய்வந்தார். அந்தப் பெண் மட்டும் அசையாமல் கேட்டாள். முடிந்ததும், “நல்லா இருக்குது. நடுவுல கொஞ்சம் கொறச்சிக்கலாம்” என்றாள்.

தையில் கல்யாணம் நடந்தது. சரித்திர ஆசிரியர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து முன்பந்தியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்வரை கிரேக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாய் முழுக்கப் பாயசம்.