சாலைக் கடைத்தெருவில் ஒரு சிவப்பு நாற்காலி

கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டால் போதும், இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவைக்கிற ஆள் நான். அவளும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தைலத்தை எடுத்து நீட்டுவாள். நாற்பதைத் தாண்டியும் தீராத இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில், திருவனந்தபுரம் ஆரியசாலையில், பிளாஸ்டிக் நாற்காலியோடு தொடங்கியது.

அதற்கு முந்தைய வருஷம் அம்மா கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது முதுகில் ஏதோ பிடித்தது. பிடித்தது விடவில்லை. தைலம், பெல்ட், பலகைப் படுக்கை எல்லாம் ஆயிற்று. ஸ்கேன் பார்த்த டாக்டர், டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, வலியே இல்லாத பலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார். இதில் முதல் பாதி மட்டும் எங்கள் வீடு வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரே டிஸ்க் கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர். அம்மா ஏடாகூடமாகக் குனிந்தால் அது சுண்டிக்கொண்டு பறந்து எங்காவது மூலையில் விழுந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன். கட்டிலுக்கு அடியில் தேடிப் பார்த்ததும் உண்டு.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஒரு வருஷ லீவு ஜூனில் முடிகிறது. அப்பா ராஜினாமாக் கடிதம் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, டி.வி. மேல் வைத்திருந்தார். அவர் கெட்டவரில்லை; பயந்தவர். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். அம்மா தினமும் டி.வி.யைத் துடைப்பாள், கடிதத்தை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

வலிக்கென்றே ஒரு ஆஸ்பத்திரியில் தனிப்பிரிவு இருப்பதாக யாரோ சொல்லி அம்மா போனாள். அங்கே பிசியோதெரபி மேடம் ஒருத்தர், மருந்துச் சீட்டுக்குப் பதிலாக ஒரு நோட்டைக் கொடுத்தார். மழைக்காலத்தில் சுவர் நனைந்து காலிங் பெல் தானாக அடிப்பதில்லையா, வாசலில் யாருமே இல்லாமல்? உங்கள் முதுகும் அப்படித்தான். மணி அடிக்கிறது நிஜம், திருடன் வந்துவிட்டான் என்பது நிஜமல்ல என்றாராம். பிறகு விதிகள். கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும், வலியைப் பார்த்து அல்ல. நன்றாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் கூட்டக் கூடாது. மோசமாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் குறைக்கக் கூடாது. வழியில் உட்காரக் கூடாது. ரொம்ப முடியாவிட்டால் நின்று பத்து மூச்சு விட்டுவிட்டுத் தொடரலாம். நடந்து வந்ததும் அன்றைய வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும்.

அம்மா இதைச் சொல்லி முடித்ததும், எங்களோடு இருந்த அத்தை கேட்டாள்: "அப்பம், பெல் அடிச்சா கதவத் தொறக்காண்டாமா மைனி?"

அத்தையின் பாதுகாப்பு ஏற்பாடுதான் நான். அம்மா நடக்கப் போகும்போதெல்லாம் கையில்லாத சிவப்பு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். விழப் போகிறாள் என்று தெரிந்தால் அடியில் தள்ள வேண்டும். அம்மா எவ்வளவோ திட்டிப் பார்த்தாள். ஸ்ட்ரைக்கர் பறக்கப் போகிற வீட்டில் யார் திட்டைக் கேட்பார்கள்?

முதல் நாள் போக இரண்டு நிமிஷம், வர இரண்டு நிமிஷம். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு நிமிஷம் கூடியது. பள்ளிக்கூடம் போக கிழக்கேகோட்டையில்தான் பஸ் ஏற வேண்டும்; வீட்டிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக அவள் நடைக்குப் பதினைந்து நிமிஷம். மே மாதத்துக்குள் அந்தப் பதினைந்தைத் தொட்டுவிட்டால் கடிதத்துக்கு வேலையில்லை. கடைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வத்தல் மொத்தக் கடை நாகர்கோவில்காரர் தினமும் கேட்பார்: "எலே, இன்னைக்கி மீட்டிங் எங்கலே? தலைவருக்குச் சேரு போகுது!"

மே கடைசி வாரம், முதல் பதினைந்து நிமிஷ நாள். பன்னிரண்டு நிமிஷம் நடந்தாயிற்று. லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் அம்மா நின்றாள். விளக்குக் கம்பத்தைப் பிடித்தாள். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்து, மூச்சை மெதுவாக விட்டாள். இப்போது யோசித்தால், எண்ணிக்கொண்டிருந்தாள் என்று தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாற்காலியைத் தரையில் போட்டுவிட்டு, கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினேன்:

"டிஸ்க்கு போச்சு! எங்கம்மைக்கு டிஸ்க்கு போச்சே!"

தலையில் துண்டு சுற்றிய நான்கு சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டையைக் கீழே போட்டார்கள். "சேச்சி அனங்கண்டா!" என்று, அசையவே கூடாது என்று ஆணையிட்டு, அம்மாவை நாற்காலியில் அமர்த்தி, நான்கு காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

"சேட்டா, எறக்கணே! இனி மூணு மினிட்டே உள்ளூ!" என்று அம்மா மேலேயிருந்து கத்தினாள். இன்னும் மூன்று நிமிஷம்தான் பாக்கி என்று நோயாளியே சொன்னபிறகு எவன் இறக்குவான்? ஓட்டம் பிடித்தார்கள். உற்சவமூர்த்தி மாதிரி அம்மா ஆடி ஆடி வர, முன்னால் நான் வழிவிடச் சொல்லி அழுதுகொண்டே வீடு வரை ஓடினேன். வத்தல் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார் என்று பிறகு நானே சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அவர் எழுந்து நின்றது மட்டும் உண்மை.

"நான் அப்பமே சொன்னேம்லா மைனி," என்றாள் அத்தை. அப்பா டி.வி. மேலிருந்த கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தார். அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வலியில் அழுகிறாள் என்று முடிவு செய்தேன். அந்தப் பேனாவை ஓரமாக வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து நோட்டில் எட்டு என்று எழுதினாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு நாற்காலியைத் தேடினேன், காணோம். அம்மா அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ வேணும்னா வா மக்கா. ஆனா வாயத் தொறக்கப்பிடாது."

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போனேன். அதே கம்பத்தருகே அந்த நான்கு பேரும் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் ஒருவர் பதறி எழுந்து, உட்கார வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டா சேட்டா. இது நிங்ஙள்க்கா," என்று நாற்காலியை அவர்களிடமே கொடுத்துவிட்டு, பாக்கி மூன்று நிமிஷத்தையும் நடந்தாள். கிழக்கேகோட்டை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், திரும்பினாள். வரும் வழியில் ஒருவர் அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜூனில் அம்மா பள்ளிக்கூடம் போனாள். ராஜினாமாக் கடிதம் பூஜை அலமாரியில் விளக்குக்கு அடியில் எண்ணெய் குடிக்கப் போயிற்று. கதையை இங்கே முடித்தால் எனக்கு மரியாதை. ஆனால் இன்னொன்றும் செய்தேன்.

கிழக்கேகோட்டை வரை நடந்துவந்த அந்த மாலை, அம்மா குளிக்கப் போனபோது நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு என்று எழுதியிருந்தாள். முந்தின நாளும் எட்டு, இன்றைக்கும் எட்டா? தூக்கி வரப்பட்டவளுக்கும் நடந்து வந்தவளுக்கும் ஒரே எண்ணா? களைப்பில் தப்பாக எழுதிவிட்டாள் என்று ரப்பரால் அழித்து, அவள் கையெழுத்திலேயே இரண்டு என்று திருத்திவைத்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனாள். மேடம் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து, அந்த இரண்டில் நின்றார். அம்மா எட்டிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையிலிருந்த ஃபேனைப் பார்த்தேன். அன்று நடந்ததை அம்மா சொல்லச் சொல்ல, இருவரும் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். மேடம் இரண்டை அடித்துவிட்டு, பெரிதாக எட்டு என்றும் பக்கத்தில் பதினைந்து நிமிஷம் என்றும் எழுதி, சிவப்பு மையால் சுற்றி வட்டம் போட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை, பரீட்சைத் தாள் வாங்கிய பிள்ளை மாதிரி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வலியில் ஆறு குறைத்துக் கொடுத்தவன் நான். எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல், போயும் போயும் அந்த எட்டுக்கு ஏன் இத்தனை கொண்டாட்டம் என்று தம்பானூர் வரும்வரை பஸ்ஸில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தேன்.