இடுப்பளவு தண்ணீரில் ஒரு பந்தயம்

எனக்கு நீச்சல் தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில் நான் பாய்ப்படகு வாங்கியபோது என் மனைவி நினைவூட்டிய முதல் விஷயம் அதுதான். நம் ஏரியில் இடுப்பளவுதான் தண்ணீர் என்று சமாதானம் சொன்னேன்.

"அப்ப நடந்தே போகலாமே, படகு எதுக்கு?" என்றாள்.



கடலோரத்தில் மூடப்பட்ட ஒரு தங்கும் விடுதி தன் இரண்டு சின்னப் பாய்ப்படகுகளை விற்கிறது என்ற செய்தியைச் சொன்னவர், பேராவூரணியில் இருக்கும் என் பல் டாக்டர். சொல்லும்போது அவருடைய விரல்கள் என் வாய்க்குள் இருந்தன. மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை. ஆளுக்கொன்று வாங்கினோம். ஒரே மாதிரி இரண்டு படகும் இரண்டு நடுவயதுக்காரர்களும் சேர்ந்தால் அடுத்தது பந்தயம்தான்.

படகு எங்கள் நெல் களத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் விவசாயம் பார்ப்பவள் மனைவி. நான் விவசாயத்தைப் பற்றிப் பேசுபவன். விதைநெல் ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டி அந்த வருஷம் விரிசல் விட்டிருந்தது. அவள் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஜெயிச்சீங்கன்னா வச்சுக்குங்க. தோத்தீங்கன்னா இதுல விதைநெல்லு ஊறப்போட்டுடுவேன்."

அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல. நான் புத்தகங்களை வரவழைத்தேன்.

காற்று எதிரே அடித்தாலும் வளைந்து வளைந்து முன்னேறலாம் என்பதைப் படத்துடன் புரிந்துகொண்டேன். அந்தப் படத்தை ஆவணி மாதக் காற்று பார்த்திருக்கவில்லை. பாயின் அடியில் இருக்கும் குறுக்குக்கழி, திருப்பத்துக்குத் திருப்பம் என் மண்டையைத் தேடி வந்தது. படகின் நடுவே, அடியில் கத்திபோல இறங்கும் பலகை ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் படகு பக்கவாட்டில் நழுவும். நான் அதை முழுசாக இறக்கியவன், பிறகு தொடவே இல்லை.

ஆனாலும் ஒரு கண்டுபிடிப்பு செய்தேன். அக்கரைக்கு ஏரியின் மேற்கு ஓரமாகப் போனால் காற்று தோதாக இருக்கும், வளையாமல் போவதால் தூரமும் குறைவு. டாக்டரிடம் மூச்சுவிடவில்லை.

பந்தயத்துக்கு முந்தின வாரம் விவசாயிகள் கூட்டம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லை, மதகைத் திறக்க அதிகாரிகள் தயங்குகிறார்கள். நான் எழுந்து முழங்கினேன். "ஏரியில தண்ணிய வச்சுக்கிட்டு அழகு பாக்கறீங்களா?" என்று கேட்டேன். கைதட்டல். மறுநாளே மதகு திறந்தது. வாழ்க்கையில் என் பேச்சு பலித்த ஒரே சந்தர்ப்பம் அது.

பந்தயத்தன்று டாக்டர் நடு ஏரியில் போனார். நான் மேற்கே ஒதுங்கினேன். காற்று பிடித்துக்கொண்டது. அவரை வெகுதூரம் பின்னே விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்துக் கையாட்டியும் தொலைத்தேன். அப்போது படகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பாய் புடைத்திருக்கிறது, கயிறு விறைத்திருக்கிறது, படகு மட்டும் நகரவில்லை. மதகு வழியே தண்ணீர் போனதில் முதலில் வற்றியது மேடான இந்த மேற்கு ஓரம்தான். இடுப்பளவு என்று நான் சொன்னது இப்போது முழங்காலுக்குச் சற்று மேலே. பலகை சேற்றில் செருகி நின்றது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"என்ன சார், ஏரியை உழுவுறீங்களா?"

டாக்டர் நிதானமாகக் கடந்து போனார். போகிற போக்கில், "வாயை மூடிக்கிட்டுப் பலகையத் தூக்குங்க சார்" என்றார். ஆயுள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவர். நான் பலகையைத் தூக்கி, இறங்கி, படகைத் தள்ளிக்கொண்டு நடந்தே கரை சேர்ந்தேன். நடந்தே போகலாம் என்று என் மனைவி சொன்னதும் சரியாகிவிட்டது.

மறுநாள் காலை படகு நிறைய விதைநெல் ஊறியது. பாய் அதன்மேல் மூடாக்காயிற்று. பிறகு தண்ணீரை வடித்து, முளைவிடக் குவித்து மூட்டம் போட்ட நெல்லில் ஒன்று விடாமல் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சும்மா சொல்லக் கூடாது, சொட்டுக்கூடக் கசியல. அந்த டாக்டர் படகையும் கேட்டுப் பாருங்களேன்."