அண்ணாந்து பார்க்கக் கூடாத வேலை

இந்த ஊரில் மூன்று வருடமாக ஒரு பானத்தின் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே ஆரம்பித்துவிடும். ஒரு மேசையிலிருந்து ‘தே தாரிக்!’ இன்னொன்றிலிருந்து ‘தே ஓ ஐஸ்!’ அவர்கள் தேநீரைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் ஓடுவது நான். ஒருநாள் தண்ணீர்மலைக் கோயில் படியில் எனக்குப் பின்னால் ஒருவர் தன் மனைவியிடம் தே குடிக்கலாமா என்று கேட்டார். ‘வந்துட்டேண்ணே!’ என்று நான் பதில் குரல் கொடுத்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அந்தப் படியில் நின்றுதான் முடிவு செய்தேன்.

எந்த வேலை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கடையில் தினமும் ரொட்டி சாப்பிட வரும் சேகர் அண்ணன், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து டுரியான் பழம் ஏற்றிவரும் லாரிக்காரர். ஒரு விடுமுறை நாளில் பேச்சுத் துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். நம் ஊரில் மாங்காயைக் கல்லால் அடிப்போம், தேங்காய்க்கு மரம் ஏறுவோம். இங்கே இந்த முள்பழத்தை யாரும் பறிப்பதில்லை. அது தானே பழுத்துத் தானே விழ வேண்டும். விழுந்ததைப் பொறுக்கவும், குரங்கு கை வைக்காமல் பார்க்கவும் குடிசை போட்டு ஓர் ஆள் தோட்டத்திலேயே இருப்பான். அந்தத் தோட்டத்தில் ஜமால் என்ற வங்காளதேசத்துக்காரன் இருந்தான். தலையில் ஹெல்மெட், முதுகில் கூடை, சரிவில் மெதுவாக நடந்துகொண்டிருந்தான். நாங்கள் இருந்த நேரம் முழுவதும் அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூர் சாயப்பட்டறை, சூரத்தில் துணிக்கிடங்கு, குவைத்தில் கக்கூஸ் கழுவுதல் என்று கிடைத்ததையெல்லாம் செய்திருக்கிறேன். இதுதான் எனக்கு வேண்டும் என்று நினைத்த முதல் வேலை ஜமாலின் வேலை.

இந்தப் பருவம் தொடங்கியபோது சேகர் அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

“டேய் தம்பி, உன் வேலை காலியா இருக்கு லா.”

“ஜமால் எங்கண்ணே?”

“மேல பாத்துட்டான்.”

டுரியான் தோட்டத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. மேலே காம்பு விடும் சத்தம் கேட்டால் தலையைக் குனிய வேண்டும். மண்டைக்கு ஹெல்மெட் இருக்கிறது, முகத்துக்கு ஒன்றும் இல்லை. ஜமால் வருடக்கணக்காகக் குனிந்தவன். அன்று ஏன் நிமிர்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லையாம். இடது கண் போய்விட்டது. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வருத்தம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ‘எப்ப போய்ப் பாக்கலாம்ணே?’ என்றுதான் கேட்டேன்.

மலேசியாவில் நினைத்த வேலைக்கு மாறலாமா என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்காக என் முதலாளி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “போடா, நல்லாரு. பாஸ்போர்ட் இங்கதான் இருக்கும். பெர்மிட்டு கடைக்குத்தான் போட்டது. மேல புடிச்சாங்கன்னா என் பேரச் சொல்லிடாத.” அதாவது, மலையேறிவிட்டால் பினாங்கு நகரத்துக்குள் நான் கால் வைக்க முடியாது. சரி என்றேன்.

நேர்காணல் குடிசைக்குள் நடந்தது. தோட்டத்துக்காரர் வயதான சீனர். எல்லோரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிட்டார்கள். ஒரு கண்ணில் கட்டோடு ஜமால் தேநீர் போட்டு என் கையில் கொடுத்தான். அவன் வேலையைக் கேட்டு வந்திருக்கிறேன், அவன் எனக்குத் தேநீர் கொடுக்கிறான். நான் வாங்கிக் குடித்தேன். தவுக்கே என்னைப் பார்க்கவேயில்லை. ‘வேலை தெரிந்தவன் ஜமால். அவனே ஆளைச் சொல்லட்டும்’ என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார். முந்தின நாள் ஒரு நேப்பாளி வந்திருந்தானாம், ஜமால் வேண்டாம் என்றுவிட்டானாம். பாம்புக்குப் பயமா, மூட்டை தூக்குவாயா என்றெல்லாம் கேட்பான் என்று இருந்தேன்.

“அனாக் அடா?” என்றான். பிள்ளை இருக்கிறதா?

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. திருப்பூரில் மேஸ்திரியும் இதைத்தான் கேட்பார். இருக்கிறது என்பவனுக்கு வேலை, இல்லை என்பவனுக்கு நாளைக்கு வா. பிள்ளைக்காரன் திட்டினாலும் அடித்தாலும் ஓட மாட்டான் என்பது அவர் கணக்கு. என் மகள் பவித்ரா அருப்புக்கோட்டையில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். சேகர் அண்ணன் முந்திக்கொண்டார்.

“தடா லா, ஜமால். பினி தடா, அனாக் தடா.” பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, இவனுக்கு யாருமே இல்லை என்று மலாயில் அடித்துச் சொன்னார்.

ஜமால் அந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான். பிறகு தவுக்கே பக்கம் திரும்பி, “போலே,” என்றான். இவன் ஆகும். அவ்வளவுதான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

லாரி மலையிறங்கும்போது கேட்டேன். “ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? எனக்கு மக இருக்காளே.”

“தெரியும் லா. அந்த நேப்பாளியயும் நான்தான் ஏத்திட்டுப் போனேன். நல்ல ஆளு. வாயத் தொறந்து ரெண்டு புள்ளன்னான், முடிஞ்சிச்சி. ஜமாலுக்கு மூணு புள்ள. இனிமே அழறதுக்கு ஆள் இல்லாதவனத்தான் இங்க விடுவேன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தான்.”

“அதுக்காக யாருமே இல்லன்னு…”

“தம்பி, உனக்கு வேலை வேணுமா, அப்பா பட்டம் வேணுமா? ஒண்ணு சொல்லு. வண்டியத் திருப்பட்டா?”

வேலை என்றேன். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையில் சேர்ந்தேன். ஜமால் அன்று ஊருக்குக் கிளம்புகிறான். குடிசை வாசலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முதல் மரத்தடிக்குப் போன நேரம் பவித்ரா வீடியோவில் கூப்பிட்டாள். எடுக்காமல் இருந்திருக்கலாம். பழக்கத்தில் கை எடுத்துவிட்டது.

“அப்பா! இது என்ன தொப்பிப்பா?”

சரிவில் குரல் நன்றாகக் கேட்கும். ஜமாலின் கை நின்றது. அந்தச் சொல்லை யாரும் அவனுக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தான். பல் விழுந்த வாயோடு அவள் அவனுக்கும் கையாட்டினாள். தவுக்கேவுக்குப் போன் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை.

“அந்த நேப்பாளி பொய் சொல்லவில்லை,” என்று மட்டும் மலாயில் சொன்னான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தான். சரிவில் ஒரு கண் ஏமாற்ற, இரண்டு இடங்களில் கால் தவறி மரத்தைப் பிடித்துக்கொண்டான். லாரி வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறினான்.

“அப்பா, பழம் தொங்குறதக் காட்டுங்கப்பா. மேல காட்டுங்க.”

கையை நீட்டி, போனை மரத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

“யம்மாடி! எம்புட்டுப் பழம்! நீங்களும் பாருங்கப்பா!”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்மா,” என்றேன், என் இரண்டு பூட்ஸுக்கும் நடுவே கிடந்த சருகைப் பார்த்தபடி.